பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு: உலோகத் திருமேனிகளின் தேய்மானமும் பராமரிப்பும்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் இடபவாகன தேவரைப் பார்த்தவர்கள் அவருடைய தலைக்கட்டை மறக்க மாட்டார்கள். சடையைத் தலைப்பாகையாகச் சுற்றி, அதற்குள் பாம்பு நெளிந்து புகுந்து வெளிவருவதை மெழுகிலேயே வடித்திருக்கிறார் சிற்பி. கல்வெட்டுச் சான்றின்படி 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த இத்திருமேனி திருவெண்காட்டில் பல நூற்றாண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்து, 1950களில் வெளிப்பட்டது. சாய்ந்து நிற்க அவருக்கிருந்த காளை கிடைக்கவில்லை. ஆனால் விரல் நுனியின் வளைவும், உதட்டோரத்து முறுவலும், அரைக்கச்சின் மடிப்பும் அப்படியே இருக்கின்றன.

இடையறாது பூசையில் இருந்துவரும் பல பழைய உற்சவத் திருமேனிகளின் முகத்தை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் வேறொரு காட்சி தெரியும். மூக்கின் நுனி மழுங்கியிருக்கும். இமைக்கோடு மறைந்து கண் ஒரு மேடாக மட்டும் எஞ்சியிருக்கும். மார்பில் பூணூலின் புரிகள் ஒன்றோடொன்று கலந்து வழவழப்பாகியிருக்கும். சிலவற்றில் தேய்ந்த கண்ணையும் வாயையும் பிற்காலத்தில் உளிகொண்டு மறுபடி கீறியிருப்பதும் புலப்படும். மண் காத்ததைக் கைகள் தேய்த்திருக்கின்றன. அந்தக் கைகள் பகைவரின் கைகள் அல்ல. நாள்தோறும் நீராட்டி, துடைத்து, சந்தனம் சாத்திய அன்பான கைகள்.

கோயிலில் நூறாண்டுகளில் நிகழும் இந்தத் தேய்மானம் வீட்டுப் பூசையறையில் ஒரே தலைமுறைக்குள் நிகழ்கிறது. வெள்ளிதோறும் புளி போட்டுத் துலக்கிய பித்தளைப் பிள்ளையாரின் தும்பிக்கை மடிப்புகள் முப்பது ஆண்டுகளில் காணாமல் போகின்றன. உலோகத் திருமேனியைப் பளபளப்பாக்குவதும் அதைப் பாதுகாப்பதும் ஒன்றல்ல என்பதையும், பல வேளைகளில் முதலாவது இரண்டாவதற்கு எதிரி என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதை அறிவியல் சொல்வதற்கு முன்பே நம் கோயில் மரபு அறிந்து வழிசெய்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்த உலோகம்?

பராமரிப்பைப் பற்றிப் பேசுமுன் கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரிய வேண்டும். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம்; துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. சோழர் காலத் திருமேனிகள் பெரும்பாலும் ஈயமும் கலந்த வெண்கலம் என்பதை உலோகப் பகுப்பாய்வுகள் காட்டியுள்ளன. ஈயம் சேர்ந்தால் உருகிய குழம்பு எளிதில் ஓடும். அச்சின் நுண்ணிய இடுக்குகளிலும் நிறையும். ஐம்பொன் என்ற வழக்கில் பொன்னும் வெள்ளியும் அடங்கும். ஆயினும் ஆய்வுக்கு உட்பட்ட பழைய திருமேனிகளில் இவ்விரண்டும் மிகச் சொற்பமாகவே இருக்கின்றன. வார்க்கும்போது பக்தர்கள் ஒரு குண்டுமணிப் பொன்னைக் கொப்பரையில் இடுவது வழிபாட்டின் பகுதி. திருமேனியின் நிறத்தையோ உறுதியையோ அது மாற்றுவதில்லை.

பித்தளை செய்வது ஒருகாலத்தில் எளிதான வேலையாக இருக்கவில்லை. செம்பு உருகுவதற்கு 1085 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. துத்தநாகமோ 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். இந்தச் சிக்கலைத் தாண்டி, துத்தநாகத்தை வாலையில் வடித்துப் பெருமளவில் எடுக்கும் தொழில் ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கப் பகுதியில் இடைக்காலத்திலேயே தழைத்திருந்தது. காலப்போக்கில் பித்தளை மலிவானது. திருமேனிகளிலும் துத்தநாகத்தின் பங்கு கூடியது. இன்று சுவாமிமலையில் வார்க்கும் திருமேனிகளுக்குச் செம்பும் பித்தளையும் சிறிது ஈயமும் கலந்தே உருக்குகிறார்கள். கடைத்தெருவில் கிடைக்கும் வீட்டுப் பூசைச் சிலைகள் பெரும்பாலும் துத்தநாகம் 30 முதல் 40 சதவீதம் வரை கொண்ட பித்தளை. இந்தத் துத்தநாகம்தான் பின்னர் நாம் பார்க்கப்போகும் ஒரு சிக்கலுக்கு மூலம்.

வார்ப்பில் பிறக்கும் நுட்பம்

திருமேனியில் எது தேய்கிறது என்பதை அறிய, அது எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கும்பகோணத்துக்கு அருகே காவிரிக்கரையில் உள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் காய்ச்சிக் கலந்து முதலில் மெழுகு உருவம் செய்கிறார்கள். தென்னை ஓலையை வேண்டிய உயரத்துக்கு நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்து, அந்த மடிப்புகளையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். முகம் இத்தனை மடிப்பு, மார்பு இத்தனை மடிப்பு என்று உருவம் வளர்கிறது. மெழுகின் மேல் முதல் பூச்சாகச் சலித்த காவிரி வண்டல் மண் ஏறுகிறது. மாவைப்போல் நைசான இந்தப் பூச்சுதான் நகக்கண் அளவு நுட்பத்தையும் பதிந்துகொள்ளும். அதன்மேல் களிமண்ணும் மணலும் சேர்ந்த கனமான பூச்சுகள். பெரிய அச்சுகளுக்கு இரும்புக் கம்பிக் கட்டு. நிழலில் உலர்த்திச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்ட இடத்தில் உலோகக் குழம்பு ஓடும். ஆறியபின் அச்சை உடைத்தே திருமேனியை எடுக்க வேண்டும். அந்த அச்சு இனி இல்லை. ஆகவே அதே உருவம் இன்னொன்று இல்லை.

சோழர் காலத்தில் அணிகலன்களின் வேலைப்பாடு முழுவதும் மெழுகிலேயே முடிந்திருக்கும். வார்த்தபின் சிறு திருத்தம் மட்டுமே தேவைப்பட்டது. இக்காலத்தில் வார்த்தபின் உளியாலும் அரத்தாலும் செதுக்கி முடிக்கும் வேலை மிகுதி. எந்த வழியில் வந்தாலும் அந்த நுட்பங்கள் எல்லாம் உலோகத்தின் மேல்தோலில், மயிரிழை ஆழத்தில்தான் இருக்கின்றன. உள்ளே எவ்வளவு கனமான உலோகம் இருந்தாலும் மேல்தோல் போனால் சிற்பம் போயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் அளித்த அறுபதுக்கு மேற்பட்ட திருமேனிகளைப் பட்டியலிடுகின்றன. உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், திருமேனி கனமானதா உட்பொள்ளலா, எத்தனை கைகள் என்றெல்லாம் அவை குறித்துவைக்கின்றன. அவ்வளவு கவனத்தோடு பதிவான திருமேனிகளில் இன்று அடையாளம் காண முடிபவை மிகச் சிலவே.

உலோகத்துக்கு வரும் மூன்று நோய்கள்

காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஈரமும் கந்தக வாயுக்களும் பட்டுச் செம்புக் கலவைகள் மெல்ல நிறம் மாறும். பொன்னிறம் பழுப்பாகி, பிறகு கருமையாகும். நெடுங்காலத்தில் பசுமையும் தோன்றலாம். இறுகப் படிந்து வழவழப்பாக இருக்கும் இந்தப் படலம் நோயல்ல. அது உள்ளிருக்கும் உலோகத்தைக் காற்றிலிருந்து மறைக்கும் போர்வை. நாம் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எடுப்பது பெரும்பாலும் இதைத்தான். எடுத்த மறுநாளே புதிய உலோகம் மறுபடி கறுக்கத் தொடங்கும், மறுபடி துலக்குவோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மெல்லிய அடுக்கு உலோகம் துணியோடு போய்விடும். துலக்கிய துணி கறுப்பாக இருப்பதைக் கண்டு அழுக்கு போயிற்று என்று மகிழ்கிறோம். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி திருமேனியின் உலோகமே.

உண்மையான நோய்கள் வேறு. முதலாவது துத்தநாக இழப்பு. 15 சதவீதத்துக்கு மேல் துத்தநாகம் உள்ள பித்தளை, அமிலமோ உப்புநீரோ படும்போது துத்தநாகத்தை முதலில் இழக்கும். எஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த செம்பு. புளியில் ஊறிய பித்தளைச் சிலை சில இடங்களில் ரோஜா நிறமாக, செம்பு போலத் தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நன்றாகத் துலங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம் இல்லை. கலவையே அழியத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இரண்டாவது, அருங்காட்சியகத்தார் வெண்கல நோய் என்று அழைப்பது. பெயர் வெண்கலத்துடையது என்றாலும் செம்பு கலந்த எந்த உலோகத்துக்கும் வரும். உப்பிலிருக்கும் குளோரைடு செம்போடு சேர்ந்து உலோகத்தின் துளைகளுக்குள் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கடந்தால் அது விழித்துக்கொள்ளும். ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து வெளிர்பச்சைப் பொடியாக மேலே பூக்கும். அந்த வினையில் உண்டாகும் அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்னும். அதிலிருந்து மறுபடி குளோரைடு, மறுபடி பொடி. வெளியிலிருந்து புதிதாக உப்பு வராவிட்டாலும் இந்தச் சுழற்சி தானே தொடரும். தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 60 சதவீதத்துக்கும் மேல் என்பதை நினைத்தால் ஆபத்தின் அளவு விளங்கும். இறுகிய கரும்பச்சைப் படலத்துக்கும் இந்தப் பொடிக்கும் வேறுபாடு காண்பது எளிது. படலம் தொட்டால் வராது; நோய் தொட்டால் மாவாக உதிரும்.

மூன்றாவது, அம்மோனியாவால் வரும் வெடிப்பு. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையினர் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் யாரும் தொடாமலே வெடிப்புவிட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், தகட்டை அடித்து இழுத்தபோது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல்தான் விளக்கப்பட்டது. வார்ப்புத் திருமேனிக்கு இந்த ஆபத்துக் குறைவு. தகட்டை அடித்துச் செய்யும் பித்தளைக் கவசத்துக்கும் திருவாசிக்கும் மிகுதி. வௌவால்கள் அடையும் கோயில் அறைகளில் கவசங்களை வைப்பதும், அம்மோனியா கலந்த துலக்குநீரால் அவற்றைத் தேய்ப்பதும் ஏன் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சைவ சித்தாந்தம் ஆன்மாவை ஆணவம் பற்றியிருப்பதற்குச் செம்பையும் களிம்பையும் உவமை காட்டுகிறது. களிம்பு இடையில் வந்து ஒட்டியது அன்று, செம்போடே இருப்பது என்பது அதன் கருத்து. தேய்த்துத் தீர்த்துவிட முடியாத ஒன்று அது என்ற அறிவு நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது.

புளியும் உப்பும்

புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் கறுத்த ஆக்சைடுப் படலத்தைக் கரைக்கும். அதனால்தான் அவை உடனே பலன் காட்டுகின்றன. பல வீடுகளில் புளியோடு கல்லுப்பையும் சேர்த்துத் தேய்ப்பார்கள். உப்பு சேர்ந்தால் இன்னும் விரைவாகத் துலங்கும் என்பது உண்மை. அந்த உப்பே வெண்கல நோய்க்கு விதை என்பதும் உண்மை. பீடத்தின் அடிப்பகுதி, கைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட சந்து, மாலையின் பின்புறம் ஆகிய இடங்களில் உப்புநீர் தங்கும். எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது. சில மாதங்கள் கழித்து அதே இடங்களில்தான் பச்சைப் பொடி பூக்கும்.

நம் சமையலறை இதை நெடுங்காலமாக அறியும். ஈயம் (அதாவது வெள்ளீயம்) பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க எந்தப் பாட்டியும் சம்மதித்ததில்லை. களிம்பேறும், வயிற்றுக்கு ஆகாது என்பார்கள். பூச்சு தேய்ந்தவுடன் தெருவில் ஈயம் பூசுகிறவரைக் கூப்பிட்டுப் பூசிய பிறகே அடுப்பில் ஏற்றுவார்கள். அடுப்படியில் இவ்வளவு எச்சரிக்கையாக இருந்த அதே வீட்டில், பூசையறையில் மட்டும் புளியும் பித்தளையும் வாரந்தோறும் சேர்ந்தன.

இதே காரணத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தயிர், எலுமிச்சைச் சாறு, பஞ்சாமிர்தம் போன்ற புளிப்புள்ள பொருள்கள் ஈயம் கலந்த திருமேனியின் மேல் நெடுநேரம் தங்கினால் செம்பையும் ஈயத்தையும் சிறிதளவு கரைத்துக்கொள்ளும். வீட்டில் அப்படி அபிடேகம் செய்தால் பொருளைத் தேங்கவிடாமல் உடனே நீர் வார்ப்பது நல்லது. அந்தத் தீர்த்தத்தைக் குழந்தைகளுக்குப் பருகக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

மரபு கண்ட வழிகள்

அபிடேகப் பொருள்கள் ஒவ்வொன்றும் உலோகத்துக்கு ஒரு சோதனை. பாலின் கொழுப்பும் புரதமும் இடுக்குகளில் உறையும். தேனும் சர்க்கரையும் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். இளநீரில் குளோரைடு உண்டு. திருநீறு நுண்பொடியாகத் தேய்க்கும். இவற்றை நாள்தோறும் ஆறுகாலமும் ஏற்றால் எந்தத் திருமேனியும் நெடுநாள் தாங்காது. இதை நம் கோயில் மரபு நன்றாக உணர்ந்திருந்தது என்பதற்கு மூன்று சான்றுகள் போதும்.

நடராசருக்கு ஆண்டுக்கு ஆறு முறைதான் பெரிய அபிடேகம்: சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை, ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் சதுர்த்தசி. தில்லையில் அன்றாட அபிடேகத்தைப் படிகலிங்கமும் இரத்தினசபாபதியும் ஏற்கின்றனர். சிற்சபையின் பெரிய திருமேனி ஏற்பதில்லை. ஆண்டவனுக்கு அன்றாட நீராட்டும் குறையவில்லை, உலோகத் திருமேனிக்கும் ஓய்வு கிடைத்துவிட்டது.

வைணவ ஆகமங்கள் ஒரே மூலவருக்குப் பல படிமங்களை வகுத்தன. அசையாத மூலவர் தவிர, அன்றாட ஆராதனைக்கு ஒன்று, திருமஞ்சனத்துக்கு ஒன்று, வீதியுலாவுக்கு ஒன்று, பலி சாதிக்க ஒன்று எனப் பணிகள் பிரிந்தன. தத்துவ நோக்கம் எதுவாக இருப்பினும், இதனால் விளைந்த நன்மை உலோகத்துக்கானது: நனைவது ஒன்று, உலா செல்வது வேறொன்று.

திருமலையில் ஆண்டுதோறும் ஆனி கேட்டையை ஒட்டி மூன்று நாள் நடக்கும் ஜ்யேஷ்டாபிடேகத்தில் மலையப்ப சுவாமிக்கும் நாச்சியார்களுக்கும் சாத்தியிருக்கும் பொற்கவசத்தைக் களைந்து, திருமஞ்சனம் செய்து, வைரக் கவசமும் முத்துக் கவசமும் அடுத்தடுத்துச் சாத்தி, மூன்றாம் நாள் பொற்கவசத்தை மீண்டும் அணிவிக்கிறார்கள். அடுத்த ஆண்டு வரை அது களையப்படுவதில்லை. தொடர்ந்து நடக்கும் திருமஞ்சனங்களால் உற்சவத் திருமேனிகள் தேய்ந்துவிடாமல் காப்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்று அக்கோயில் மரபே கூறுகிறது. திருவரங்கத்திலும் ஆனி மாதத்தில் நம்பெருமாளின் கவசத்தைக் களைந்து பழுதுபார்த்துத் தூய்மை செய்து மீண்டும் சாத்தும் வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பார்வையிடு, பழுது இருந்தால் சரிசெய், மற்ற நாள்களில் தொடாதே என்ற இந்த விதி இன்றைய அருங்காட்சியகப் பராமரிப்பு விதியிலிருந்து சற்றும் வேறுபட்டதன்று.

எழும்பூர் தந்த பாடம்

மண்ணிலிருந்து எடுத்த திருமேனிகள் எழும்பூரில் உள்ள சென்னை அருங்காட்சியகத்துக்கு வரத் தொடங்கியபின் அவற்றில் பல பச்சைப் பொடியாக உதிர்வதை அலுவலர்கள் கண்டார்கள். அவற்றைக் காக்கவே 1930இல் அங்கே வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. அதன் பொறுப்பை ஏற்ற எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையைக் கையாண்டு, உலோகத்துக்குள் புகுந்திருந்த குளோரைடை வெளியேற்றிப் பல திருமேனிகளைக் காப்பாற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களை ஆராய்ந்தவரும் அவரே. 1932இல் கிரேவ்லியும் டி.என். இராமச்சந்திரனும் அந்த அருங்காட்சியகத்தின் தென்னிந்திய இந்து உலோகப் படிமங்களுக்கு விரிவான அட்டவணை வெளியிட்டார்கள். மருந்தும் பதிவேடும் ஒரே காலத்தில் பிறந்தன என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது.

பிற்காலப் பாதுகாப்பியல் இன்னும் மென்மையான முறைகளுக்கு நகர்ந்தது. மின்பகுப்பு நோயைப் போக்கினாலும் பழைய படலத்தையும் சேர்த்து அகற்றிவிடும் என்பதால் இன்று அது தேவைப்படும் இடத்தில் மட்டுமே பயன்படுகிறது. குளோரைடை மெல்லக் கழுவி எடுப்பது, பென்சோடிரையசோல் என்ற வேதிப்பொருளால் செம்பின் மேல்தோலைச் செயலிழக்கச் செய்வது, அதன்மேல் மெல்லிய மெழுகோ அக்ரிலிக் பூச்சோ இடுவது, ஈரம் குறைந்த பேழையில் வைப்பது ஆகியவை வழக்கத்தில் உள்ளன. இவை பயிற்சி பெற்றவர்களின் வேலை. பென்சோடிரையசோல் நச்சுத்தன்மை உள்ளது. வீட்டில் கையாளத்தக்கது அன்று. இந்த முறைகளுக்குள் ஓடும் கொள்கையை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்: உப்பை அகற்று, ஈரத்தைத் தடு, உலோகத்தைச் சுரண்டாதே.

வீட்டில் என்ன செய்வது?

முதல் வேலை துடைப்பது. நாள்தோறும் நிர்மாலியப் பூவைக் களைந்து, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வாடிய பூவின் ஈரம் இரவு முழுவதும் ஒரே இடத்தில் தங்கினால் அங்கே கறை விழும். சந்தனத்தையும் குங்குமத்தையும் நெற்றியில் சிறிய பொட்டாக இடலாம். உடல் முழுதும் அப்பி நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது.

விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் கற்பூரக் கரியும் படிந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நுரையோ, காரம் குறைந்த சோப்புக் கரைசலோ போதும். இடுக்குகளுக்குக் குழந்தைகளுக்கான மென்மையான பல்தூரிகை உதவும். கழுவுவதற்கு ஆழ்துளைக் கிணற்று உவர்நீரைவிட, சுத்திகரித்த குடிநீர் நல்லது. கழுவிய உடனே துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்த வேண்டும். பீடத்தின் அடியில் குழிவு இருந்தால் கவிழ்த்துவைத்து நீர் வடிய விட வேண்டும். வீட்டுப் பராமரிப்பில் இந்த உலர்த்தலைவிட முக்கியமான செயல் வேறில்லை.

செங்கல்பொடி, சாம்பல், மணல், இரும்புநார், கரடுமுரடான துலக்குபொடி எதுவும் வேண்டாம். புளியை விட மனமில்லாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, உப்புச் சேர்க்காமல், நீர்த்த புளிக்கரைசலைப் பஞ்சால் ஒற்றி, ஊறவிடாமல் உடனே பலமுறை அலசி உலர்த்தட்டும். புதிதாக வாங்கிய சிலைகளில் நிறம் மாறாமலிருக்க நிறமற்ற பூச்சு இருக்கலாம். அவற்றுக்குப் புளியும் ஆகாது, தேய்ப்பும் ஆகாது, துடைத்தால் போதும். பொன்முலாம் பூசியவற்றுக்கும் இதுவே விதி.

மினுமினுப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவது பரவலான வழக்கம். எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து பச்சைப் பிசுக்காகும். அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும். வழிபாட்டு மரபுப்படி எண்ணெய்க்காப்புச் செய்கிறவர்கள் அன்றே அரப்போ சீயக்காயோ கொண்டு முழுதும் களைந்துவிட வேண்டும். அடுத்த வெள்ளி வரை விட்டுவைக்கக் கூடாது.

திருமேனியைப் பரணில் எடுத்துவைக்கும்போது செய்தித்தாளில் சுற்றாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டாதீர்கள். தாளின் அமிலமும் உறைக்குள் சிக்கிய ஈரமும் பழுதாக்கும். துவைத்துக் கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை அருகில் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். மூடிய புது மர அலமாரி அசிட்டிக் அமில ஆவியை விடும். அது ஈயம் கலந்த உலோகத்தில் வெண்பொடியைத் தோற்றுவிக்கும். காற்றோட்டம் உள்ள இடமே ஏற்றது. தூக்கும்போது கையையோ திருவாசியையோ பிடிக்காமல் இரு கைகளாலும் பீடத்தையும் இடையையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். மாவாக உதிரும் பச்சைப் பொடி கண்ணில் பட்டால் மற்றச் சிலைகளிலிருந்து பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, நீர் படாமல் காத்து, பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் காட்டுவதே சரி.

பழைய திருமேனி கிடைத்தால்

நிலத்தைத் தோண்டும்போது திருமேனி கிடைப்பது தமிழ்நாட்டில் அரிதன்று. 1311ஆம் ஆண்டுப் படையெடுப்பின் காலத்திலும் பின்னரும் பல ஊர்களில் திருமேனிகளை மண்ணில் புதைத்துக் காத்தார்கள். அப்படிக் கிடைத்ததைக் கண்டவுடன் கழுவித் துலக்கிப் பொட்டு வைப்பது மக்களின் இயல்பான பக்தி. ஆனால் மண்ணும் ஒரு சாட்சி. 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து கிடைத்து, கடத்தப்பட்டு லண்டன் சென்ற நடராசர் வழக்கில், திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் வல்லுநர்கள் ஆராய்ந்து, அதே இடத்தில் கிடைத்த பிற திருமேனிகளோடு ஒப்பிட்டுச் சான்றளித்தார்கள். 1991இல் அந்த நடராசர் தமிழ்நாடு திரும்பினார். யாராவது அதை நன்றாகத் துலக்கியிருந்தால் அந்தச் சான்று இருந்திருக்காது.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி இப்படிக் கிடைப்பதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பங்களைப் பதிவு செய்ய வேண்டும். பதிவின் பயனை ஸ்ரீபுரந்தான் நடராசர் நிகழ்ச்சி உணர்த்துகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் அந்த ஊர்க் கோயிலில் முன்பே எடுத்துவைத்திருந்த படம், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வாங்கிய திருமேனி அதுவே என்று காட்ட உதவியது. 2014இல் அது இந்தியாவுக்குத் திரும்பியது. முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என ஒவ்வொரு திருமேனியையும் படமெடுத்து, உயரத்தையும் எடையையும் குறித்துவைப்பது துடைப்பதற்கும் உலர்த்துவதற்கும் சமமான பராமரிப்பு. இராசராசன் கல்வெட்டில் செய்தது இதைத்தான்.

செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. அறநிலையத் துறைக் கோயில்களிலும் உலோகத் திருமேனிகள் சேமித்துவைக்கப்பட்டுள்ள மையங்களிலும் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றும், உலோகப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும். அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் அபிடேக முறையோடு உலர்த்தும் முறையும், வெண்கல நோயை அடையாளம் காணும் முறையும் பாடமாக வேண்டும். கிராமக் கோயில் நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாத் திருமேனிகளையும் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் உப்பையும் இரும்புநாரையும் பூசையறைக்கு வெளியே வைத்தாலே பாதி வேலை முடிந்தது. திருமேனி கறுத்திருப்பது குறையன்று, தேய்ந்துபோவதே குறை. அடுத்த வெள்ளிக்கிழமை புளியைக் கையிலெடுக்குமுன், அந்த முகத்தின் கண்ணும் இதழும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும் என்பதை ஒருமுறை நினையுங்கள்.